வீழ்ந்த மரமும் வாழும் இசையும்

நம் இல்லங்களில் மௌலூது ஓதும் இரவுகளில் ஊதுவத்தி ஏற்றாமலிருப்பது அரிது. அச்சொல்லின் முற்பகுதியைத் தமிழில் உள்ள 'ஊது' என்னும் வினையோடு இணைத்துப் பார்ப்போர் உண்டு. ஆனால் அது அரபு மொழியில் பிறந்து, உருது வழியாக வந்து, நம் வீட்டுக்குள் குடியேறிய சொல்லாகும். 'ஊத்' என்றால் அரபியில் மரம், கட்டை, கோல் என்று பொருள். மணம் கமழும் அகிற்கட்டைக்கும் அதுவே பெயராயிற்று. அதே சொல்லை அரபு மக்கள் ஒரு நரம்புக் கருவிக்கும் இட்டனர். பேரிக்காயை நெடுக்காகப் பிளந்தாற்போன்ற வயிறும், குறுகிய கழுத்தும் உடைய அக்கருவி 'அல்ஊத்' எனப்பட்டது. அதாவது, 'மரம்' என்பதே அதன் பெயர்.

அக்கருவி பக்தாதிலிருந்து குர்துபா சென்றது. கி.பி. 822இல் அந்தலுஸ் மண்ணை அடைந்த ஸிர்யாப் என்னும் இசை வல்லுநர், அதன் நான்கு நரம்புகளோடு ஐந்தாவது நரம்பொன்றைச் சேர்த்தார் என்பர். தத்துவஞானி அல்கிந்தி அதன் நரம்புகளைக் கணக்கியல் முறையில் ஆராய்ந்தார். கி.பி. 950இல் மறைந்த அல்ஃபாராபி இசைக்கலை பற்றிப் பெருநூலொன்று இயற்றினார். ஸ்பெயினைக் கடந்து சென்ற அக்கருவி ஐரோப்பிய மொழிகளில் 'லூட்' என வழங்கலாயிற்று. முன்னே நின்ற 'அல்' என்னும் சுட்டில் உள்ள லகரமும் பெயரோடு ஒட்டிக்கொண்டது.

நரம்புக் கருவிகளைக் குறித்து மார்க்க அறிஞரிடையே நெடுங்காலமாக நிலவும் கருத்து வேறுபாட்டை நாம் அறியாதவரல்லோம். அதில் தீர்ப்புக் கூறுவது இக்கட்டுரையின் வேலையன்று. நாம் இங்கு எடுத்துக்கொண்டது மரத்தின் வரலாற்றை. காட்டில் பிறந்து, காற்றில் வீழ்ந்தோ, வீடாகி இடிந்தோ, விறகாகப் போகவிருந்த மரம், அறிந்தவர் கைப்பட்டு எவ்வாறு இரண்டாம் வாழ்வு பெற்றது என்பதையே வாசக நேயர்களோடு சேர்ந்து பார்க்க விழைகிறோம்.

குமிழங்கொம்பும் மரல் நாரும்

இவ்வரலாற்றைத் தமிழில் தொடங்க வேண்டுமானால் சங்க காலத்துக்கே செல்ல வேண்டும். தொண்டைமான் இளந்திரையனைப் பாட்டுடைத் தலைவனாகக் கொண்ட பெரும்பாணாற்றுப்படையில், கடியலூர் உருத்திரங்கண்ணனார் ஓர் இடையனைக் காட்டுகிறார். அவன் முல்லைக்காட்டில் ஆநிரை மேய்ப்பவன். தீக்கடைகோலால் துளையிட்ட குழலை முதலில் ஊதுகிறான். அது சலித்ததும், உட்டுளை உள்ள குமிழங்கொம்பு ஒன்றை எடுத்து வளைத்து, மரல் நாரைத் திரித்து நரம்பாகக் கட்டி, வில் வடிவில் ஒரு யாழ் செய்துகொள்கிறான். அதை அவன் விரலால் தெறித்து இசைக்க, வண்டுகள் தம் இனத்தின் ஒலியென்று எண்ணிச் செவிசாய்த்தன என்பது புலவர் தரும் செய்தி.

அவன் மரத்தை வெட்டிச் சாய்க்கவில்லை. தச்சனை நாடவுமில்லை. காடு உதிர்த்ததும் கைக்கு எட்டியதும் போதுமாயிருந்தன. சிறிய கருவி, எளிய பொருள், பெரிய மகிழ்ச்சி! குமிழ மரம் இலேசானது, எளிதில் பிளவாதது, ஒலிக்கு இணங்குவது. இன்றும் இந்தியாவின் பல பகுதிகளில் இசைக்கருவிகளுக்கு அம்மரம் பயன்படுகிறது. ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன் ஓர் இடையன் செய்த தேர்வு பிழையானதன்று என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமா?

அந்த யாழ் பின்னர் வழக்கொழிந்தது. அதன் உருவம் எத்தகையது, நரம்புகள் எத்தனை என்பன புலவர்க்கும் புதிராயின. ஈழத்தின் காரைதீவில் பிறந்த விபுலாநந்த அடிகள் பல்லாண்டு ஆராய்ந்து எழுதிய யாழ் நூல், தஞ்சைக் கரந்தைத் தமிழ்ச் சங்கத்தின் வாயிலாக 1947இல் வெளிவந்த பின்னரே அப்புதிரில் பெரும்பகுதி அவிழ்ந்தது. ஒரு கருவி மறைந்தால் அதனை மீட்க ஓர் அறிஞரின் வாழ்நாளே தேவைப்படுகிறது என்பதை நாம் மறத்தலாகாது.

மரத்தின் ஐந்து குற்றங்கள்

கிடைத்த மரமெல்லாம் கருவிக்கு உதவுமா? உதவாது என்பதில் நம் முன்னோர் கண்டிப்பாக இருந்தனர். திருத்தக்கதேவர் இயற்றிய சீவகசிந்தாமணியில், காந்தருவதத்தையின் இசை அரங்கில் சீவகன் முன் யாழ்கள் பல கொண்டுவரப்படுகின்றன. அவன் ஒவ்வொன்றாகப் பார்த்து, இதன் மரத்தில் இன்ன குறை உண்டு என்று சொல்லி விலக்குகிறான். உ.வே. சாமிநாதையர் 1887இல் அந்நூலைப் பதிப்பித்தபோது, தமிழர் மறந்திருந்த இசைச் செய்திகள் பலவும் அதனுடன் வெளிச்சத்துக்கு வந்தன.

பழைய இசை நூலார் மரக்குற்றம் ஐந்து என்பர். நீரில் நின்ற மரம், அழுகிய மரம், தீயில் வெந்த மரம், இடி விழுந்த மரம், நிலத்தன்மை மயங்கிய இடத்தில் வளர்ந்த மரம் ஆகியவை யாழுக்கு ஆகா. இவற்றை வெறும் சகுனமென்று தள்ளிவிடுதல் தகாது. பச்சை மரத்தின் உடலில் நீர் நிறைந்துள்ளது. அந்நீர் மெல்ல வெளியேறும்போது மரம் சுருங்கும், சுருங்கும்போது கோணும், சில வேளை வெடிக்கும். ஈரத்தரையில் நெடுநாள் கிடந்தால் பூஞ்சணம் பற்றி உள்ளே மெத்தென்றாகிவிடும். மெத்தென்றான மரம் ஒலியைத் தாங்காது, விழுங்கிவிடும். இடியும் நெருப்பும் தாக்கிய மரத்தில் கண்ணுக்குப் புலனாகாத கீறல்கள் ஓடும். பெருங்காற்றில் முறிந்து வீழ்ந்த மரத்திலும் அத்தகைய உட்கீறல் இருக்கக்கூடும்.

ஆகவே, வீழ்ந்த மரத்தைக் கருவியாக்க விரும்புவோன் மூன்று காரியங்கள் செய்தாக வேண்டும். ஈரத்தரையிலிருந்து அதனை விரைவில் எடுத்தாக வேண்டும். நிழலில், காற்றோட்டமான இடத்தில், பொறுமையுடன் உலர்த்த வேண்டும். விரல்முட்டியால் தட்டிக் கேட்டுத் தெரிந்தெடுக்க வேண்டும். நல்ல மரம் தட்டியதும் தெளிவாகப் பதில் சொல்லும் என்பது தச்சர் வாக்கு.

பலாவும் வீணையும்

காவிரிக் கரையின் நரம்புக் கருவி என்றால் அது வீணையே. தஞ்சையை 17ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் ஆண்ட இரகுநாத நாயக்கர் காலத்தில், 24 மெட்டுகள் நிலையாகப் பொருத்தப்பட்ட இன்றைய வடிவம் உருப்பெற்றது என்பர். அவ்வீணைக்கு உரிய மரம் பலா. பண்ணுருட்டிப் பகுதியின் பலா மரங்கள் தஞ்சைப் பட்டறைகளுக்கு நெடுங்காலமாகச் சென்று வருகின்றன. பலா இலேசானது, ஈரத்துக்கும் கரையானுக்கும் எளிதில் இடங்கொடாதது, அதிர்வை ஒரே சீராகப் பரப்புவது.

குடம், தண்டி, யாளி முகம் ஆகிய உறுப்புகளைத் தனித்தனியே செதுக்கிப் பொருத்தினால் அது ஒட்டு வீணை. ஒரே மரத்துண்டிலிருந்து எல்லாவற்றையும் குடைந்தெடுத்தால் அது ஏகாண்ட வீணை. நான்கு அடி நீளமுள்ள குற்றமற்ற பருமரம் கிடைத்தாலன்றி ஏகாண்டம் பிறவாது. ஒட்டு வீணைக்கோ சிறுசிறு துண்டுகளும் போதும். புயலில் பிளந்த மரத்திலும், வேரோடு சாய்ந்து ஒருபுறம் கெட்ட மரத்திலும் நல்ல பகுதியைத் தெரிந்தெடுத்தால் ஒரு குடத்துக்கோ, தண்டிக்கோ கிடைத்துவிடும். உடைந்ததை வீணாக்காமல் காக்கும் வழி அந்த ஒட்டு முறையிலேயே அடங்கியிருக்கிறது. தஞ்சாவூர் வீணைக்கு 2013இல் புவிசார் குறியீடு அளிக்கப்பட்டது.

திருச்சிராப்பள்ளியிலிருந்து காவிரியைக் கடந்தால் ஸ்ரீரங்கம். அங்குள்ள அரங்கநாதர் கோயிலில் மார்கழித் திருநாட்களில் இரவு வழிபாடு முடிந்து திருமேனி உள்ளே எழுந்தருளும்போது வீணை மட்டும் இசைக்கப்படும். அதனை வீணை ஏகாந்தம் என்பர். பகலெல்லாம் ஒலித்த மேளமும் முழக்கமும் அடங்கிய பிறகு, பலா மரத்தின் மெல்லிய குரலுக்கு அவ்வூரார் இடம் ஒதுக்கியிருக்கின்றனர்.

வீணையின் பிருடைகளுக்கு ஈட்டி மரத்தைப் பயன்படுத்துவதுண்டு. அம்மரம் உலகெங்கும் அருகி வந்தமையால், 2017 தொடக்கத்தில் அதன் இனம் முழுவதும் பன்னாட்டு வாணிகக் கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவரப்பட்டது. இசைக்கருவி செய்வோர் பெரிதும் இடர்ப்பட்டனர். 2019 நவம்பரில்தான் செய்து முடித்த கருவிகளுக்கு விலக்கு அளிக்கப்பட்டது. காடு குறையக் குறைய, பழைய மரத்தின் மதிப்பு உயரும் என்பதற்கு இது ஓர் எடுத்துக்காட்டு.

வீட்டு உத்தரம் நாயனமான வரலாறு

மீட்டெடுத்த மரத்தால் கருவி செய்யும் கலை நம் நாட்டில் யாரிடம் முழுமை பெற்றது என்று வினவினால், நரம்புக் கருவியை விட்டுச் சற்றே விலகி, ஒரு துளைக் கருவியைக் காட்ட வேண்டியிருக்கிறது. தஞ்சை மாவட்டத்தில் கும்பகோணத்துக்கும் மயிலாடுதுறைக்கும் இடையே நரசிங்கம்பேட்டை என்னும் சிற்றூர் உள்ளது. நாகசுரம் செய்யும் குடும்பங்கள் வாழும் ஊர் அது. அங்கு நாகசுரத்துக்குக் கொள்ளும் மரம் ஆச்சா. தக்காணத்தின் வறண்ட காடுகளில் வளரும் அம்மரம் நம் நாட்டு மரங்களிலேயே மிகக் கனமானவற்றுள் ஒன்று. நீரில் இட்டால் அமிழ்ந்துவிடும்.

அவ்வூர்க் கைவினைஞர் புதிதாக வெட்டிய ஆச்சாவை நாடுவதில்லை. பழைய வீடுகளை இடிக்கும்போது கிடைக்கும் தூண்களையும் உத்தரங்களையும் தேடிச் சென்று வாங்குகின்றனர். நூறாண்டை ஒட்டி ஒரு கூரையைச் சுமந்து நின்ற மரத்தில் ஈரம் முற்றும் வற்றியிருக்கும். அது இனிச் சுருங்குவதற்கும் கோணுவதற்கும் இடமில்லை. வாசிக்கும்போது மூச்சின் ஈரமும் சூடும் படப்பட, புதுமரம் வெடிக்கும், பழமரம் தாங்கும். அதனைக் கடைந்து, உள்ளே துளையிட்டு, விரல் வைக்க ஏழு துளைகளும், அவற்றின் கீழே சுருதியைச் சீர்செய்ய ஐந்து துளைகளுமாகப் பன்னிரண்டு துளைகள் அமைக்கின்றனர். அடியில் விரிந்த அணைசுக்கு வாகை மரம் கொள்வர். 2022இல் நரசிங்கம்பேட்டை நாகசுரத்துக்கும் புவிசார் குறியீடு கிடைத்தது.

காட்டில் வளர்ந்த மரம் ஒரு குடும்பத்துக்கு நிழலாகி, அக்குடும்பம் கலைந்த பின் ஓர் ஊருக்கே இசையாகும் இந்த வரலாற்றில் நம் சமுதாயத்துக்கும் ஒரு பங்கு உண்டு. ஆந்திர நாட்டில் நாகசுரத்தைப் பரம்பரைத் தொழிலாகக் கொண்ட முஸ்லிம் குடும்பங்கள் பல தலைமுறைகளாக வாழ்கின்றன. அத்தகைய குடும்பமொன்றில், ஓங்கோலை அடுத்த கரவதி என்னும் ஊரில் 1924இல் பிறந்தவர் ஷேக் சின்ன மௌலானா சாஹிப். தஞ்சைப் பாணியின் மீது காதல் கொண்டு, நாச்சியார்கோயில் இராஜம், துரைக்கண்ணு சகோதரரிடம் பயின்றார். பின்னர் ஸ்ரீரங்கத்தையே தம் ஊராக்கிக் கொண்டார். 1977இல் பத்மஸ்ரீ விருதும், 1998இல் சென்னை மியூசிக் அகாதமியின் சங்கீத கலாநிதி பட்டமும் அவரை வந்தடைந்தன. 1982இல் ஸ்ரீரங்கத்தில் சாரதா நாதஸ்வர சங்கீத ஆசிரமத்தை நிறுவிச் சாதி, சமயம் பாராமல் மாணவர்க்குக் கற்பித்தார். 1999 ஏப்ரல் 13 அன்று அவ்வூரிலேயே காலமானார்.

அவருடைய மாணவர் ஷேக் மகபூப் சுபானியும், அவர்தம் துணைவியார் காலிஷாபியும் இணைந்து வாசிக்கும் கலைஞர்கள். ஸ்ரீரங்கத்தில் வாழும் அத்தம்பதியர்க்கு 2020இல் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது. 1939 மே 16 அன்று திருச்சி வானொலி நிலையம் தொடங்கிய நாளிலிருந்து, எத்தனையோ முஸ்லிம் வீடுகளின் காலைப்பொழுதும் நாகசுர ஒலியோடு விடிந்திருக்கிறது. அந்த ஒலியை எழுப்பிய மரம் ஒரு காலத்தில் யாரோ ஒருவர் வீட்டு உத்தரமாக இருந்தது என்பதை அன்று எத்தனை பேர் அறிந்திருந்தோம்?

வாளை வைத்தவர் நரம்பைத் தொட்டனர்

வடக்கே மகாராட்டிரத்தில் மிரஜ் என்றோர் ஊர். அங்கு ஷிகல்கர் என்னும் முஸ்லிம் குடும்பத்தார் வாள் முதலிய படைக்கலங்களைச் செய்தும், சாணை பிடித்தும் வாழ்ந்தனர். ஆங்கிலேயர் ஆட்சி வேரூன்றியதும் வாளுக்கு வேலை இல்லாமற்போயிற்று. 19ஆம் நூற்றாண்டின் நடுவில், அக்குடும்பத்தைச் சேர்ந்த ஃபரீத் சாஹிப் முதலானோர் பழுதுபட்ட நரம்புக் கருவிகளைச் செப்பனிடத் தொடங்கி, பின்னர்த் தாமே சிதாரும் தம்புராவும் செய்யலாயினர். பண்டரிபுரப் பகுதியில் விளையும் பெருஞ்சுரைகளை உலர்த்திக் குடமாக்கினர். வாளின் வளைவைக் கணித்த கண் நரம்பின் இழுவையைக் கணித்தது. மிரஜ் சிதாரும் தம்புராவும் 2024இல் புவிசார் குறியீடு பெற்றன.

இந்த மிரஜ் நமக்கு அந்நியமன்று. கிரானா மரபின் தலைமகனாகிய உஸ்தாத் அப்துல் கரீம் கான் அவ்வூரிலேயே வாழ்ந்தார். கருநாடக இசையையும் ஆர்வத்தோடு பயின்றவர் அவர். 1937 அக்டோபரில் சென்னையிலிருந்து புதுச்சேரி செல்லும் வழியில் உடல் நலிவுற்று, சிங்கப்பெருமாள்கோயில் இரயில் நிலையத்தில் இறங்கி, அங்கேயே உயிர் நீத்தார். மிரஜின் தர்காவில் அடக்கமானார். தமிழ் மண்ணில் அடங்கிய அக்குரல், மிரஜின் தம்புராக்களோடு இணைந்து வளர்ந்த குரலாகும்.

மீட்சி என்பது மரத்துக்கு மட்டும் உரியதன்று என்பதை இவ்வரலாறு உணர்த்துகிறது. தொழில் இழந்த கைவினைஞனும் வீழ்ந்த மரத்தைப் போன்றவனே. அவனுடைய கைத்திறன் அழுகிப் போகுமுன் அதற்கொரு புதுப்பயன் கண்டாக வேண்டும். மிரஜ் மக்கள் அதனைத் தாமே கண்டுகொண்டனர்.

ஓராண்டில் இரு புயல்கள்

2018ஆம் ஆண்டு அக்டோபர் இறுதியில் இத்தாலியின் வடபகுதியை வையா என்னும் புயல் தாக்கியது. ஒரு கோடிக்கும் மேற்பட்ட மரங்கள் சாய்ந்தன. வயலின் கலையின் பேராசானாகிய ஸ்திராதிவாரி தம் கருவிகளுக்கு மரம் தெரிந்தெடுத்த காடு என்று போற்றப்படும் பனேவெஜ்ஜோவிலும் ஸ்புரூஸ் மரங்கள் வீழ்ந்தன. அம்மரங்களின் அருமையை அந்நாட்டார் அறிந்திருந்தனர். இசைக்கு உதவும் அடிமரங்களைப் பிரித்தெடுத்துக் காக்கும் முயற்சி உடனே தொடங்கிற்று.

மூன்று வாரமும் முடியவில்லை. 2018 நவம்பர் 16 அதிகாலையில் நாகைக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கஜா புயல் கரை கடந்தது. நாகை, திருவாரூர், தஞ்சை, புதுக்கோட்டை மாவட்டங்களின் தென்னந்தோப்புகள் தரைமட்டமாயின. புதுக்கோட்டையில் ஆலங்குடி வட்டாரத்தின் பலா மரங்களும் வேரோடு பெயர்ந்தன. தந்தை நட்டு மகன் பயன்கொண்ட மரங்கள் அவை. அவற்றை இழந்த உழவனுக்கு, அறுத்து அகற்றும் கூலியே பெருஞ்சுமை. விறகு விலைக்கேனும் யாராவது எடுத்துச் சென்றால் போதும் என்னும் நிலையில் அவன் நின்றான். அப்பலாவை நாடும் வீணைப் பட்டறைகளோ, அங்கிருந்து அரைநாள் வழியில் தஞ்சையில் இருக்கின்றன. இருவரையும் இணைக்கும் ஏற்பாடு ஊர்தோறும் முன்கூட்டியே இருக்குமானால், புயல் கொண்டுபோனதில் ஒரு சிறு பகுதியையேனும் மீட்கலாம் அன்றோ?

இத்தாலியிலிருந்தே மற்றொரு செய்தி. வட ஆப்பிரிக்கக் கரையிலிருந்து ஓட்டைப் படகுகளில் ஏறி, மத்தியதரைக் கடலைக் கடந்து லாம்பெதூசாத் தீவை அடையும் அகதிகளில் நம் சகோதர முஸ்லிம்கள் மிகப் பலர். கரை சேராது மாண்டவரும் அநேகர். அவர்கள் விட்டுச்சென்ற படகுகளின் பலகைகளை மிலான் நகரை அடுத்த ஒபேரா சிறைச்சாலைக்குக் கொண்டுவந்து, அங்குள்ள கைதிகளைக் கொண்டே வயலின்களும் செல்லோக்களும் செய்வித்தனர். 2024 பிப்ரவரியில் புகழ்பெற்ற லா ஸ்காலா அரங்கில் அக்கருவிகள் ஒலித்தன. உப்பில் ஊறிய, வண்ணம் பெயர்ந்த பலகைகள் அவை. சீவகன் அவற்றைக் கண்டிருந்தால் நீரில் நின்ற மரம் என்று விலக்கியிருப்பான். ஆயினும், அழிந்துபோன மனிதருக்காகச் சாட்சி கூறும் உரிமை வேறெந்த மரத்துக்கு உண்டு?

நம் வீட்டு மரம்

திருச்சிராப்பள்ளியில் மரக்கடை என்று ஒரு பகுதி உண்டு. அவ்வழியே நடந்து செல்லும்போதெல்லாம், பழைய மரம் எங்கேனும் கண்ணிற்படின் நாம் சற்றே நின்றுவிடுவது வழக்கம். அதற்கொரு காரணம் இருக்கிறது.

நம் பாட்டனார் காலத்து வீடு, முற்றமும் தாழ்வாரமும் திண்ணையும் உடையது. மக்கள் பெருகிப் பங்கு பிரிந்த பின் அவ்வீட்டை இடிக்க நேர்ந்தது. இறக்கிய மரம் முழுவதையும் மொத்த விலை பேசி ஒருவரிடம் கொடுத்துவிட்டோம். அவர் அதனை அறுத்துச் செங்கற் சூளைக்கு அனுப்பிவிட்டார். நாமும் அதனைப் பொருட்படுத்தவில்லை. சில நாட்களுக்குப் பின், புதுவீட்டுக்கு நிலை வைக்க வந்த முதிய தச்சர் ஒருவர், மூலையில் கிடந்த இரண்டு துண்டுகளைப் புரட்டினார், விரலால் தட்டினார், காதருகே கொண்டுபோய் மீண்டும் தட்டினார்.

"வாத்தியாரய்யா, இது ஆச்சா. மற்றதெல்லாம் எங்கே?" என்றார்.

சூளைக்குப் போய்விட்டதென்று கூறினோம்.

"விறகுக்கா போட்டீர்கள்? நரசிங்கம்பேட்டைக்காரர்கள் பார்த்திருந்தால் தோளில் சுமந்துகொண்டு போயிருப்பார்களே!" என்று சொல்லிவிட்டு, அவர் தம் வேலையைப் பார்க்கப் போனார்.

அவ்வொரு சொல் நம்மை விட்டு அகலவில்லை. அவ்வுத்தரத்தின் கீழே நம் பாட்டியார் குர்ஆன் ஓதியதைக் கேட்டிருக்கிறோம். அதன் கீழே நிக்காஹ்கள் நடந்தன, ஜனாஸாக்கள் புறப்பட்டன. அரபு, தமிழ் இரண்டையும் நாம் கற்றது அந்நிழலில்தான். ஊத் என்ற சொல்லின் பொருளை மாணவர்க்கு விரித்துரைத்த நமக்கு, நம் வீட்டு ஊத் இன்னதென்று தெரியாமற்போயிற்று. ஓடும் ஆற்றங்கரையில் ஒளூச் செய்தாலும் நீரை விரயமாக்கலாகாது என்று நம் மதரஸாக்களில் சிறுவர்க்குப் போதிக்கிறோம். காவிரிக் கரையில் அமர்ந்து அதனைப் போதித்த நாமே, நூறாண்டு மரத்தை ஒரு நாள் நெருப்புக்குக் கொடுத்தோம்.

மிஞ்சிய இரு துண்டுகளையும் அந்தத் தச்சரிடமே ஒப்படைத்தோம். விலை கேட்கவில்லை. தகுந்த கையில் சேர்த்துவிடுமாறு மட்டும் வேண்டிக்கொண்டோம்.

நாயகம் (ஸல்) அவர்களின் பள்ளிவாசல் வரலாற்றில் நாம் எல்லோரும் அறிந்த நிகழ்ச்சி ஒன்றுண்டு. தொடக்கத்தில் அவர்கள் ஒரு பேரீச்ச அடிமரத்தின் மீது சாய்ந்து உரை நிகழ்த்துவார்கள். பின்னர் மதீனாவை அடுத்த அல்காபா என்னும் இடத்து மரத்தால் மிம்பர் ஒன்று செய்து வைக்கப்பட்டது. காபா என்றால் காடு என்று பொருள். அண்ணலார் புதிய மிம்பரில் ஏறியதும், கைவிடப்பட்ட அடிமரம் குரலெடுத்து விம்மியது. அவர்கள் இறங்கிவந்து அதன்மீது கைவைத்து ஆறுதல் அளித்த பின்னரே அது அடங்கிற்று. மரத்துக்கும் ஒரு நினைவு உண்டு என்று ஏற்றுக்கொண்ட உம்மத்து நாம்.

ஆகவே, வாசக நேயர்களே! நம் ஊர்களில் பழைய வீடுகள் ஒவ்வொன்றாக இறங்கிக் கொண்டிருக்கின்றன. அவற்றின் மரங்களில் பல, நம் முன்னோர் இரங்கூனுக்குக் கப்பலேறிச் சென்று, வியர்வை சிந்திச் சேர்த்த பொருளால் வாங்கியவை. வீட்டை இடிக்க வேண்டிய கட்டாயம் நேரலாம், அதில் குற்றமில்லை. ஆனால் மரத்தை விலை பேசுமுன், மரம் அறிந்த ஒரு தச்சரை அழைத்துத் தட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். ஆச்சா இருந்தால் நரசிங்கம்பேட்டைக்கும், பலா இருந்தால் தஞ்சைக்கும் செய்தி சொல்லுங்கள். கருவிக்குக் கொடுக்க மனம் ஒப்பாதவர்கள், அதே பலகையில் பிள்ளைகள் ஓதுவதற்கு ரெஹல் செய்து வைத்துக்கொள்ளட்டும். எவ்வழியிலேனும் அது சூளைக்குப் போகாதிருக்கட்டும்.

அந்த இரு துண்டுகளும் எவர் கைக்குப் போய்ச் சேர்ந்தன என்பதை நாம் கேட்டறியவில்லை. ஆயினும், மாலை வேளையில் காவிரிப் பாலத்தின் மீது வரும்போது, ஸ்ரீரங்கத்தின் பக்கமிருந்து நாகசுர ஒலி காற்றில் மிதந்து வருமானால், நம் கால்கள் தாமாகவே சற்று நின்றுவிடுகின்றன.